பச்சையா இருந்தா போதுமா? ஒரு காய்கறிப் பட்டியலின் கதை

"டாக்டர், மாவுச்சத்தைக் குறைக்கச் சொன்னீங்க. சோத்தைப் பாதியாக்கிட்டேன். பச்சைக் காய் எல்லாம் அளவில்லாம சாப்பிடலாம்தானே?"

சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் எந்த மருத்துவரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு வாரத்தைக் கடக்க முடியாது.

"எந்தப் பச்சைக் காய்ங்க?" என்று திருப்பிக் கேட்டால், "கீரை, பச்சைப் பட்டாணி குருமா, வாழைக்காய் வறுவல்" என்று ஒரே மூச்சில் பதில் வரும்.

மூணுமே பச்சைதான். ஆனா மூணும் ஒண்ணு கிடையாது.

எது எந்த வகை என்று பிரித்துச் சொல்லும் ஒரு பழைய பட்டியல் இருக்கிறது. இன்று வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் "லோ கார்ப் காய்கறிகள்" என்று சுற்றிக்கொண்டிருக்கும் பட்டியல்களுக்கெல்லாம் அதுதான் தாத்தா. வயது நூறைத் தாண்டிவிட்டது.

அதை உருவாக்கியவர்களின் கவலை தொப்பை இல்லை. கண் முன்னால் செத்துக்கொண்டிருந்த குழந்தைகளை இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு வருடம் உயிரோடு வைத்திருக்க முடியுமா என்று பார்த்தவர்கள் அவர்கள்.

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க. கடைசியில் உங்கள் மார்க்கெட் பைக்கான கணக்கும் இருக்கு, ஒரு எச்சரிக்கையும் இருக்கு.

*

முதலில் 1797-க்குப் போவோம்.

இங்கிலாந்தில் ஜான் ரோலோ என்று ஒரு ராணுவ மருத்துவர். அவரிடம் மெரிடித் என்ற பருமனான ராணுவ கேப்டன் வருகிறார். அடங்காத தாகம், குடம் குடமாகச் சிறுநீர், அந்தச் சிறுநீரில் இனிப்பு.

நோய் கணையத்தோடு சம்பந்தப்பட்டது என்பது அன்று யாருக்கும் தெரியாது. இன்சுலின் என்ற சொல்லே பிறக்கவில்லை. ரோலோ போட்ட கணக்கு இதுதான்: தாவர உணவு வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாக மாறுகிறது. அப்படியானால் தாவரத்தையே நிறுத்திவிட்டால்?

கேப்டனுக்குக் கிடைத்த சாப்பாட்டில் இறைச்சியும், ரத்தத்தில் செய்த புட்டும், கெட்டுப்போகும் நிலையில் இருந்த கொழுப்பும்தான் முக்கியம். தானியம், கிழங்கு, காய், கீரை எல்லாம் முடிந்தவரை விலக்கு.

கேப்டன் தேறினார். ரோலோ புத்தகம் எழுதினார். மாவுச்சத்தைக் குறைத்தால் சிறுநீரில் சர்க்கரை குறையும் என்பதை மருத்துவ உலகம் தெளிவாகப் பார்த்தது அப்போதுதான்.

ஆனால் கவனிங்க. உலகின் முதல் லோ கார்ப் மருத்துவ உணவில் கீரைக்கு இடமே இல்லை. உருளைக்கிழங்கு செய்த குற்றத்துக்குக் கீரையும் சேர்ந்து தண்டனை அனுபவித்தது. செடியில் வந்தாலே சர்க்கரை என்று நினைத்த காலம்.

அந்த உணவை நீண்ட நாள் சாப்பிட யாராலும் முடியவில்லை. நீங்களே யோசிச்சுப் பாருங்க, கொழுப்பு நாறும் தட்டோட எத்தனை நாள் ஓட்ட முடியும்?

*

கீரையைத் தட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் அப்போலினேர் பூஷார்டா. மருந்தாளுநராகவும் இருந்தவர், மருத்துவராகவும் இருந்தவர்.

1870 செப்டம்பரில் பிரஷ்யப் படைகள் பாரிஸ் நகரத்தைச் சுற்றி வளைத்தன. 1871 ஜனவரி கடைசி வரை முற்றுகை நீடித்தது. ரொட்டி ரேஷன். மக்கள் குதிரையை அடித்துச் சாப்பிட்டார்கள், பிறகு எலி வரைக்கும் போனார்கள்.

ஊரே பட்டினியில் வாடிய அந்த மாதங்களில் பூஷார்டா ஒரு விஷயத்தைக் கவனித்தார். அவருடைய நீரிழிவு நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சர்க்கரை குறைந்துகொண்டே வந்தது, மறைந்தும் போனது.

போர் முடிந்தது. அவர் சிகிச்சையில் இரண்டு விஷயங்கள் உறுதிப்பட்டன. ஒன்று, சாப்பாட்டின் மொத்த அளவே குறைய வேண்டும். இரண்டு, ரொட்டியும் உருளைக்கிழங்கும் விட்டுச்சென்ற இடத்தைப் பச்சைக் காய்கறிகளாலும் கீரைகளாலும் நிரப்ப வேண்டும். வயிறு நிறையும், உப்புச்சத்துகள் கிடைக்கும், சர்க்கரை அதிகம் சேராது.

நோயாளிகள் தங்கள் சிறுநீரைத் தாங்களே தினமும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துக் குத்திப் பார்க்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கு வித்து போட்டவர்களில் அவரும் ஒருவர்.

நடுத்தர வயதில், உடம்பு பருமனாக இருப்பவர்களுக்கு வரும் நீரிழிவுக்கு (இன்று டைப் 2 என்கிறோம்) இந்த முறை நன்றாகவே வேலை செய்தது.

ஆனால் இன்னொரு நீரிழிவு இருக்கிறதே. அது குழந்தைகளுக்கு வரும். அதில் கணையம் இன்சுலின் சுரப்பதையே கிட்டத்தட்ட நிறுத்திவிடும். இன்று டைப் 1 என்று அழைக்கிறோம். அந்தக் குழந்தைகளுக்குப் பூஷார்டாவின் கீரையால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. நோய் தெரிந்த சில மாதங்களில், தப்பினால் ஓரிரு வருடங்களில், ரத்தத்தில் அமிலம் ஏறி, மயங்கி, இறந்துபோவார்கள்.

*

இப்போ 1914. நியூயார்க், ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தின் மருத்துவமனை.

ஃப்ரெடரிக் ஆலன் என்று ஒரு மருத்துவர். சிரிக்காத முகம், பிடிவாதமான மனுஷன். விலங்குகளில் பல வருடம் சோதனை செய்துவிட்டு அவர் வந்து சேர்ந்த முடிவு: உடம்பால் கையாள முடிகிற அளவுக்கு மேல் ஒரு கவளம்கூட உள்ளே போகக் கூடாது. சர்க்கரை மட்டும் இல்லை, புரதமும் கொழுப்பும்கூட.

முறை இப்படி இருந்தது. முதலில் முழுப் பட்டினி. சிறுநீரில் சர்க்கரை இல்லாமல் போகும் வரை. பிறகு மெதுவாக உணவு.

அந்த முதல் உணவு என்ன தெரியுமா? காய்கறி.

சர்க்கரை மறைந்த மறுநாள், மாவுச்சத்து மிகக் குறைந்த காய்கறி சுமார் 150 கிராம். அதில் மாவுச்சத்து ஏறக்குறைய 5 கிராம். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். சிறுநீரில் சர்க்கரை திரும்ப எட்டிப் பார்க்கும் வரை ஏற்றிக்கொண்டே போவார்கள். எட்டிப் பார்த்துவிட்டால் மறுபடி பட்டினி. அந்த எல்லைக்குக் கீழேதான் இனி வாழ்க்கை.

எட்டிப் பார்ப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஸ்டான்லி பெனடிக்ட் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1908-ல் வெளியிட்ட கரைசலும் அந்தக் காலத்து முக்கியமான ஆயுதங்களில் ஒன்று. பள்ளி ஆய்வகத்தில் நம்மில் பலரும் பார்த்ததுதான். நீல நிறக் கரைசல். சிறுநீரைச் சில சொட்டு விட்டுச் சூடாக்கினால், சர்க்கரை இல்லை என்றால் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. கூடக் கூட மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு.

அந்த வீடுகளில் தட்டில் பச்சை இருக்கலாம். குழாயில் பச்சை வந்துவிடக் கூடாது. குழாயில் பச்சை வந்தால் நாளைக்குத் தட்டு காலி.

சிலருக்கு அந்தக் காய்கறியில் இருந்த மாவுச்சத்தும் தாங்கவில்லை. அவர்களுக்கு வந்ததுதான் "மூன்று முறை வேகவைத்த காய்கறி".

காயை நறுக்கி வேகவைக்க வேண்டும். தண்ணீரைக் கொட்ட வேண்டும். புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி வேகவைக்க வேண்டும். மறுபடி கொட்ட வேண்டும். மூன்றாவது முறையும் அதே. கரையக்கூடிய சர்க்கரை பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும். கூடவே சுவையும், உப்புகளும், வைட்டமின்களும். மிஞ்சுவது நிறமிழந்த நார். அதை வயிறு நிறையச் சாப்பிடலாம்.

பசித்த குழந்தையின் வயிற்றை ஏமாற்ற ஒரு வழி. அவ்வளவுதான்.

ஆலன் 1919-ல் தன் நோயாளிகளின் விவரங்களைப் பெரிய புத்தகமாக வெளியிட்டார். அதில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். நோயால் பார்வை போய்விட்டது. பட்டினி முறையில் வைத்திருந்தும் அவன் சிறுநீரில் சர்க்கரை வந்துகொண்டே இருந்தது. எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. கண் தெரியாத, எழுந்து நடக்கவும் தெம்பில்லாத பிள்ளை எதைத் திருடித் தின்றுவிட முடியும்?

கடைசியில் தெரிந்தது. பற்பசையைத் தின்றிருந்தான். ஆசையாகக் கேட்டு வாங்கி வைத்திருந்த கேனரிப் பறவையின் கூண்டிலிருந்து அதன் தானியத்தை எடுத்துத் தின்றிருந்தான்.

அவன் பிழைக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு ஆலனைக் கொடூரன் என்று நினைத்துவிடாதீங்க. அவர் கையில் வேறு ஆயுதமே இல்லை. சாப்பிட விட்டால் மாதங்களில் சாவு, பட்டினி போட்டால் கொஞ்சம் தள்ளிச் சாவு. அந்த "கொஞ்சம் தள்ளி"தான் அவர் விற்ற நம்பிக்கை.

சிலருக்கு அந்தக் கொஞ்சமே போதுமானதாக அமைந்தது. எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி அதில் ஒருத்தி. அப்பா சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ், பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர். எலிசபெத்துக்கு 1919-ல், பதினோரு வயதில் நீரிழிவு வந்தது. ஆலனிடம் சேர்த்தார்கள். மூன்று வருடத்துக்கு மேல் தட்டில் விழுந்த ஒவ்வொரு கவளமும் தராசில் ஏறி இறங்கியது. ஒரு நாளைக்கு 500 கலோரிக்கும் கீழே போன காலமும் உண்டு. கிட்டத்தட்ட பதினைந்து வயதில் அவள் எடை சுமார் 20 கிலோ.

நம் ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எடை அது.

*

இதே காலத்தில் பாஸ்டன் நகரத்தில் எலியட் ஜோஸ்லின் என்ற மருத்துவர் ஆலனின் முறையைச் சாதாரண வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். 1916-ல் மருத்துவர்களுக்கு ஒரு புத்தகம். 1918-ல் நோயாளிகளுக்கே ஒரு கையேடு.

அவர் நோயாளிகள் கையில் கொடுத்த ஒரு பக்கம்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன பட்டியல். காய்கறிகளை மாவுச்சத்தின் சதவீதத்தை வைத்து நான்கு வரிசையாகப் பிரித்திருந்தார்கள்.

5 சதவீத வரிசை: லெட்யூஸ், பசலை போன்ற கீரைகள், முட்டைகோஸ், காலிஃபிளவர், வெள்ளரி, தக்காளி, கத்தரிக்காய், முள்ளங்கி, இளம் பீன்ஸ்.

10 சதவீத வரிசை: வெங்காயம், கேரட், பீட்ரூட், வெண்டைக்காய்.

15 சதவீத வரிசை: பச்சைப் பட்டாணி.

20 சதவீத வரிசை: உருளைக்கிழங்கு, முற்றிய பீன்ஸ் விதை, பச்சைச் சோளக்கதிர். கூடவே வேகவைத்த சோறு.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை மெதுவா படிங்க.

முதல் வரிசையில் வெள்ளைக் காலிஃபிளவர் இருக்கு, ஊதாக் கத்தரிக்காய் இருக்கு, சிவப்புத் தக்காளி இருக்கு. பச்சைப் பட்டாணி மூன்றாவது வரிசையில் போய் நிற்கிறது. பட்டியலைப் போட்டவர்கள் நிறத்தைப் பார்க்கவே இல்லை.

இன்னொன்று. பீன்ஸ் இரண்டு இடத்தில் வருகிறது. பிஞ்சாக, தோலோடு சாப்பிட்டால் முதல் வரிசை. அதுவே முற்றி, உள்ளே இருக்கும் விதையை மட்டும் எடுத்தால் கடைசி வரிசை. ஒரே செடி, ஒரே கொடி. இடையில் சில வாரங்கள்.

காரணம் எளிமையானது. செடிக்கு இலைதான் அடுப்படி. வெயிலை வைத்துச் சர்க்கரை சமைப்பது அங்கேதான். ஆனால் சமைத்ததை அது அங்கேயே குவித்து வைப்பதில்லை. அடுத்த தலைமுறைக்காக விதைக்கும், கிழங்குக்கும் அனுப்பி, மாவாக்கிச் சேமிக்கிறது. விதையும் கிழங்கும் செடியின் நெற்குதிர்.

அதனால் இலை, தண்டு, பூ, நீர்க்காய், பிஞ்சு இவற்றில் தண்ணீரும் நாரும்தான் அதிகம். விதையிலும் கிழங்கிலும் மாவு அதிகம். வெளியே என்ன நிறம் பூசியிருந்தாலும் சரி.

ஜோஸ்லின் பட்டியலில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 5 சதவீதம் என்று எழுதிவிட்டு, கணக்குப் போடும்போது 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். 10 என்று எழுதியதை 6 என்று. ஏன்? ஆய்வகத்தில் மாவுச்சத்து என்று அளந்ததில் ஒரு பகுதி உடம்பில் சர்க்கரையாக மாறுவதில்லை என்று அவர்களுக்குச் சந்தேகம். சந்தேகம் சரிதான். ஆனால் அந்தப் பகுதி எவ்வளவு என்று துல்லியமாக அளந்து சொல்ல இன்னும் பத்து வருடம் ஆனது.

*

அதற்குள் உலகம் தலைகீழாக மாறியது.

1922 ஜனவரி 11. கனடாவின் டொரன்டோ. பதினான்கு வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி. முதல் மருந்து சுத்தமாக இல்லை, சரியாக வேலை செய்யவில்லை. ஜேம்ஸ் காலிப் சுத்திகரித்துக் கொடுத்த மருந்து ஜனவரி 23-ல் போடப்பட்டது. சர்க்கரை இறங்கியது.

அதே வருடம் ஆகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் டொரன்டோ போய்ச் சேர்ந்தாள். ஃப்ரெடரிக் பேன்டிங் ஊசியை ஆரம்பித்தார். சில வாரங்களில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் அவள் தட்டுக்குத் திரும்பின. உடம்பு தேறியது. படித்தாள், கல்யாணம் செய்தாள், பிள்ளைகள் பெற்றாள். 1981-ல் தன் எழுபத்து மூன்றாவது வயதில் காலமானார்.

மூன்று தண்ணீரில் வேகவைத்த காய்கறி அவளை ஊசி வரும் நாள் வரை கொண்டுவந்து சேர்த்தது. அதற்குப் பிறகு அறுபது வருடம் வாழவைத்தது இன்சுலின். இந்த இரண்டு வரியையும் மனசில் வெச்சுக்கங்க. கடைசியில் இதற்குத் திரும்ப வருவேன்.

*

இன்சுலின் வந்ததும் பட்டியலைத் தூக்கிப் போட்டார்களா? இல்லை. தேவை கூடியது. எவ்வளவு மாவுச்சத்துக்கு எவ்வளவு ஊசி என்று தெரியாமல் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அதனால் தட்டில் இருப்பதைச் சரியாக அளந்தே ஆக வேண்டும்.

லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ராபின் லாரன்ஸ் என்ற மருத்துவர். அவரே நீரிழிவு நோயாளி. 1920-ல் நோய் தெரிந்தபோது, சாகும்போது வீட்டாருக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரத்துக்குப் போய்விட்டவர். 1923-ல் "இன்சுலின் வந்துவிட்டது, உடனே திரும்பு" என்று சக மருத்துவரிடமிருந்து தகவல் போனது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு லண்டன் வந்து சேர்ந்தார். பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து, உலகின் பெரிய நீரிழிவு மருத்துவர்களில் ஒருவரானார்.

அவரும் ராபர்ட் மெக்கான்ஸ் என்ற இளம் விஞ்ஞானியும் சேர்ந்து ஒரு அடிப்படைக் கேள்வியை எடுத்தார்கள்: காயில் இருக்கிற மாவுச்சத்து எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையாக ஏறுமா?

அதுவரை பெரும்பாலும் எப்படி அளந்தார்கள் தெரியுமா? நேரடியாக அளக்கவே இல்லை. 100 கிராம் காயை எடுப்பார்கள். தண்ணீர் எவ்வளவு, புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கழிப்பார்கள். மிஞ்சியது மாவுச்சத்து என்று எழுதிவிடுவார்கள். கல்யாண வீட்டில் யார் கணக்கிலும் வராத செலவை "இதர செலவு" என்று எழுதுவோமே, அந்த மாதிரி.

மெக்கான்ஸ் நேரடியாக இறங்கினார். ஒவ்வொரு காயிலும், பச்சையாகவும் வேகவைத்தும், சர்க்கரையும் ஸ்டார்ச்சும் தனியாக எவ்வளவு என்று அளந்தார். அது உடம்புக்குக் கிடைக்கும் மாவுச்சத்து. செல்லுலோஸ் போன்ற நார்ப்பொருட்கள் உடம்புக்குக் கிடைக்காத மாவுச்சத்து. இரண்டையும் பிரித்து எழுதிய அவர்கள் அறிக்கை 1929-ல் வந்தது.

இன்று லோ கார்ப் குழுக்களில் "நெட் கார்ப்" என்று ஏதோ புதுக் கண்டுபிடிப்பு போலப் பேசுகிறார்களே, அதன் பிறந்த வருடம் அதுதான்.

*

இதெல்லாம் வெள்ளைக்காரன் காய்கறி, நம்ம முருங்கைக்கீரைக்கு என்ன கணக்குன்னு கேப்பீங்க. அதற்கு நீலகிரி ஏறணும்.

குன்னூரில் ராபர்ட் மெக்கேரிசன் உருவாக்கிய ஊட்டச்சத்து ஆய்வகம் ஒன்று இருந்தது. 1935-ல் அதன் இயக்குநராக வந்தவர் ஆக்ராய்ட். இந்திய உணவுகளை ஆய்வு செய்து, எதில் என்ன சத்து என்று ஒரு சின்னப் புத்தகமாக 1937-ல் வெளியிட்டார்கள். நம் கீரைகளும் காய்களும் அட்டவணை ஏறிய கதை குன்னூர் மலையில் நடந்தது.

அவர்கள் கவலை வேறு. நியூயார்க்கில் கீரையைத் தேடியது அதில் மாவு இல்லை என்பதற்காக. குன்னூரில் கீரையைத் தேடியது அரிசிச் சோறு மட்டுமே தின்று கண்ணும் ரத்தமும் கெட்டுக்கொண்டிருந்த ஏழைகளுக்கு அதில் வைட்டமினும் சுண்ணாம்பும் இரும்பும் இருக்கு என்பதற்காக. ஒரே இலையை ஒருவர் அதில் இல்லாததற்காகவும் இன்னொருவர் அதில் இருப்பதற்காகவும் எடை போட்டார்கள்.

அந்த ஆய்வகம் 1950-களின் கடைசியில் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர். குன்னூர் புத்தகத்தை விரிவாக்கி, டாக்டர் கோபாலனும் சக விஞ்ஞானிகளும் 1971-ல் கொண்டுவந்த அட்டவணைதான் பல பத்தாண்டுகள் நம் மருத்துவக் கல்லூரிகளிலும் உணவியல் துறைகளிலும் வேதப்புத்தகம்.

அதில் முருங்கைக்கீரை 100 கிராமில் மாவுச்சத்து 12.5 கிராம். பச்சைப் பட்டாணியில் 15.9 கிராம். பார்த்தால் இரண்டும் பக்கத்து வீடு போல இருக்கும்.

அதே நிறுவனம் 2017-ல் புதிய அட்டவணை வெளியிட்டது. நாடு முழுக்க மாதிரி எடுத்து, 528 உணவுகள். அதில் பட்டாணி சுமார் 12 கிராம். முருங்கைக்கீரை? சுமார் 5.6 கிராம். நார்ச்சத்து சுமார் 8 கிராம்.

முருங்கை மரம் மாறவில்லை. அளவுகோல் மாறியது. பழைய அட்டவணையிலும் மிஞ்சியதைத்தான் மாவுச்சத்து என்று எழுதினார்கள். நாரைக் கழித்தார்கள்தான். ஆனால் அன்றைய சோதனையில் இலையை அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்தபோது நாரில் பெரும்பங்கு கரைந்துபோய், கணக்கில் வராமல், மாவுச்சத்துத் தலையில் விழுந்தது. புதிய முறையில் நார் முழுசாகப் பிடிபட்டது.

ஆகவே பழைய அட்டவணையைப் படம் பிடித்து "முருங்கைக்கீரையில் கார்ப் அதிகம், சாப்பிடாதீங்க" என்று யாராவது அனுப்பினால், பயப்படாமல் கீரையை உருவுங்க.

*

சரி, மார்க்கெட் பைக்கு வருவோம்.

தாராளமாக: எல்லாக் கீரைகளும், முட்டைகோஸ், காலிஃபிளவர், வாழைத்தண்டு, வாழைப்பூ, சுரை, புடலை, பீர்க்கு, வெள்ளரி, வெண்பூசணி, பாகல், கத்தரி, பிஞ்சு அவரை, கொத்தவரை, பீன்ஸ்.

அளவாக: வெண்டை, வெங்காயம், கேரட், பீட்ரூட்.

சோற்றுக் கணக்கில் சேர்க்க வேண்டியவை: பச்சைப் பட்டாணி, பச்சை மொச்சை, சோளக்கதிர், வாழைக்காய், எல்லாக் கிழங்குகளும். இவை கெட்டவை கிடையாது. சாப்பிட்டால் அந்த அளவுக்குச் சோற்றைக் குறைக்கணும், அவ்வளவுதான்.

கீரைக் கூட்டு வைத்தால் அதில் இருக்கும் பருப்பையும் எண்ணுங்க. பெரும்பாலான வீட்டில் கிண்ணத்தில் கீரையை விடப் பருப்புதான் அதிகம்.

சாப்பாட்டுக்காக யாரும் காயை மூன்று தண்ணீரில் வேகவைக்க வேண்டியதில்லை. வேகவைத்த தண்ணீரை ரசத்தில் சேருங்க. ஒரே விதிவிலக்கு கிட்னி பாதிப்பில் பொட்டாசியம் ஏறியவர்கள். அவர்களுக்கு நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடித்துச் சாப்பிடச் சொல்கிறோம். ஆலன் காலத்துச் சமையல் இன்றும் உயிரோடு இருப்பது அங்கே மட்டும்தான். அவர்கள் கீரை அளவை மருத்துவரிடம் கேட்காமல் கூட்டக் கூடாது.

*

கடைசியாக அந்த எச்சரிக்கை.

டைப் 2 நீரிழிவில் மாவுச்சத்தைக் குறைத்துக் காயைக் கூட்டினால் சர்க்கரை நன்றாகவே இறங்கும். சந்தோஷம். ஆனால் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பழைய அளவிலேயே மருந்தைத் தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டினால் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு, அதுவும் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே. வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டினால் மருந்தின் வேலை குறையும். ஆகவே முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டு, பிறகு தட்டை மாற்றுங்க.

டைப் 1 பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை.

"கீரையும் பாகற்காயும் கொடுத்தால் போதும், ஊசியை நிறுத்திடலாம்" என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பிரபலமாக இருந்தாலும், நம்பாதீங்க. அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. உலகின் மிகச் சிறந்த மருத்துவமனைகளில், கிராம் கிராமாக எடை போட்டு, மூன்று தண்ணீரில் வேகவைத்து, எட்டு வருடம் முழு மூச்சாகச் செய்து பார்த்தார்கள். காய்கறியால் மரணத்தைத் தள்ளிப்போட மட்டுமே முடிந்தது.

உங்கள் பிள்ளைக்குக் கீரை கொடுங்க, பீர்க்கங்காய் கொடுங்க, நல்லா கொடுங்க. ஊசியையும் வேளை தவறாமல் போடுங்க.

உங்களுக்குத் தெரிந்த டைப் 1 வீடு எதுவும் இருந்தால் இந்தக் கடைசிப் பகுதியையாவது அவர்களுக்கு அனுப்பி வையுங்க.